பெரட்டில் நின்ற பேய்

சமவெளியில் சினிமா எடுக்கிறவர்களுக்கு எங்கள் மலை இரண்டு காரியத்துக்குத்தான் ஆகும். ஒன்று தேனிலவு, இன்னொன்று பேய். தேயிலை விலை விழுந்து கிடந்த அந்த வருஷங்களில் குன்னூர் தியேட்டருக்கு வந்த ஒரு படத்தில் இரண்டுமே இருந்தன. எஸ்டேட் பங்களாவுக்குத் தேனிலவு வந்த ஜோடியை, அங்கே கொழுந்து எடுத்து அநியாயமாகச் செத்துப்போன ஒருத்தியின் ஆவி விரட்டுகிறது. வெள்ளைப் புடவை, விரித்த தலைமுடி, காலில் கொலுசு. கடைசியில் ஒரு மந்திரவாதி எலுமிச்சம்பழமும் மஞ்சள் தண்ணீருமாக வந்து அவளை அடக்கிவிட்டுப் போகிறார். நான் பயந்துகொண்டுதான் பார்த்தேன். வெளியே வந்ததும், இந்தப் பேயை நம் ஆட்டத்துக்கு வில்லியாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆட்டம் என்றால் தாயமோ சீட்டோ அல்ல. பெங்களூரில் படித்த என் சித்தி மகன் லீவுக்கு வந்தபோது விட்டுப்போன ஒரு புத்தகத்திலிருந்து நாங்கள் பிடித்துக்கொண்ட ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, இன்னதைச் செய்கிறேன் என்று சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை சொல்லும். வில்லனுக்கும் கதை நடத்துகிறவரே பேச வேண்டும். இங்கிலீஷ் புத்தகத்தை முழுதாகப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் அப்போது குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீஸில் சாம்பிள் குமாஸ்தா. ஏலத்துக்கு வரும் தேயிலைகளுக்கு எண் போட்டு, ருசி பார்ப்பவருக்குக் கோப்பைகளை வரிசையாக வைப்பது என் வேலை. ஏலத்தில் பாதிச் சரக்கு கேட்பாரில்லாமல் திரும்பிய காலம் அது. சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் சாம்பிள் அறை மேசையைத் துடைத்துவிட்டு ஆட உட்காருவோம்.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். அன்னூரிலிருந்து வந்து குடியேறிய கேஷியர் அண்ணன். அரவேணுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருந்த ஒரு படகர் நண்பர்; கொழுந்து எடுத்தால் கட்டுப்படியாகாது என்று செடிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார். மூன்றாவது எங்கள் டைப்பிஸ்ட் அம்மாள். சின்னப் பிள்ளையாகச் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். அவருடைய அம்மா இன்னும் கோத்தகிரி பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் ஒரு பென்சிலைக்கூடக் கேட்காமல் எடுக்காத டைப்பிஸ்ட் ஆட்டத்தில் எடுத்துக்கொண்ட பாத்திரம் திருடி.

பேய்ப்படம் பார்த்த வாரத்தில்தான் மேனேஜர் கேஷியரையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். இனிமேல் கடிதமெல்லாம் கோயமுத்தூர் ஆபீஸின் கம்ப்யூட்டரிலேயே தயாராகிவிடும், மாசக் கடைசியோடு டைப்பிஸ்ட் வேலை இல்லை என்றார். இப்போதைக்கு அவரிடம் மூச்சு விட வேண்டாம், ஏலம் முடியட்டும் என்றார். ஏலம் முடியட்டும் என்பதுதான் எங்கள் தொழிலில் எல்லாக் கெட்ட செய்திக்கும் வைக்கும் கெடு. கல்யாணம் நின்றுபோனதைக்கூட ஏலம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள். ஏலமோ வாராவாரம் வரும். ஒன்று முடிந்தால் அடுத்ததற்குச் சாம்பிள் வந்து நிற்கும். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தோம். கேஷியர் அண்ணன் என்னிடம், மேனேஜரே சொல்லிக்குவாருங்க, நமக்கு எதுக்குங்க என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பேயைப் படத்தில் இருந்தபடியே இறக்கினேன். கொலுசுச் சத்தத்துக்கு மேசையில் ஸ்பூனால் தட்டினேன். படகர் நண்பர் அலட்டிக்கொள்ளாமல், அம்பு விடுகிறேன் என்று பகடையை உருட்டினார். இருபது விழுந்தது. இருபது விழுந்தால் அடி இரண்டு மடங்கு. ஊற்றிவைத்த டீ ஆறுவதற்குள் பேய் தீர்ந்துபோனது.

"ஏனுங்க, செத்தவளை மறுக்கா எப்படிங்க சாவடிக்கிறது?" என்று கேஷியர் அண்ணன் கேட்டார்.

அடுத்த வாரம், அவள் மேல் எந்த ஆயுதமும் படாது என்று மாற்றினேன். அம்பு அவளுக்குள் புகுந்து மறுபக்கம் போனது, கத்தியும் போனது. அப்படியானால் பகடை எதற்கு என்று கேட்டுவிட்டுக் கேஷியர் அண்ணன் வெற்றிலை வாங்க எழுந்து போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம், நான் ஆட்களைக் கோணல் என்றேன். யோசித்துப் பார்த்தால் தப்பு பேயிடம் இருந்தது. தியேட்டரில் ஆட்கள் நாற்காலியை விட்டு எழுந்து போய் அவளிடம் ஒன்றும் கேட்க முடியாது. ஆட்டத்தில் நேரே போய், உனக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்டுவிடுகிறார்கள். படத்துப் பேயிடம் அதற்குப் பதில் இல்லை.

திங்கட்கிழமை காலை, கடிதக் கட்டைக் கொடுக்கச் சாம்பிள் அறைக்கு வந்த டைப்பிஸ்ட் பேயைப் பற்றி அவராகவே பேச்செடுத்தார். கொழுந்து எடுப்பவள் வெள்ளைப் புடவை கட்டினால் பத்து மணிக்கே கறை பிடித்துவிடும், செடி குத்திக் கிழிக்காமல் இருக்க இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருக்க வேண்டும் என்றார். அட்டைப்பூச்சி ஏறும் காட்டுக்குக் கொலுசு போட்டுக்கொண்டு யார் போவார்கள் என்றார். பிறகு, அவள் எதற்காகத் திரும்பத் திரும்ப வருகிறாள் என்று கேட்டார். பழி வாங்க என்றேன். பழி வாங்க ஒரு நாள் வந்தால் போதுமே என்றவர், அவருடைய அம்மா சொன்ன சிலோன் கதை ஒன்றைச் சொன்னார்.

அங்கே விடியற்காலையில் எல்லாரும் களத்தில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். அதற்குப் பெரட்டு என்று பெயர். கங்காணி பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்துவிடுவார். ஒருத்தியின் பேரை வெட்டிவிட்டார்கள். வெட்டியதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. கங்காணி அவள் பேரைத் தாண்டிப் படித்துக்கொண்டே போவார். அவள் கூடையோடு நின்றுவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்புவாள். மறுநாளும் வந்து நிற்பாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். எல்லாரும் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் அம்மா சொல்லாது என்று நிறுத்திக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வில்லி கிடைத்துவிட்டாள் என்ற சந்தோஷம்தான். அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். கைவிட்டுப்போன ஓர் எஸ்டேட். கவாத்து இல்லாமல் தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து நிற்கின்றன; அதைப் படகர் நண்பரின் தோட்டத்திலிருந்து எடுத்தேன். நடுவில் பழைய பெரட்டுக் களம், அதில் கூடையோடு அவள். அவளைப் பார்த்தும் பேசாமல் தாண்டிப் போகிறவர்களுக்குத் தங்கள் பேர் மறந்துபோகும். பேர் போனவர்கள் வரிசையில் அவள் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். பலவீனம் என்ற இடத்தில் மட்டும் சோம்பல்பட்டு, படத்தில் இருந்தபடி எலுமிச்சம்பழம் என்று போட்டுவைத்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை மூன்று பேரும் பெரட்டுக் களத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வெளியே நிஜமாகவே மஞ்சு இறங்கி, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரோடு தெரியவில்லை. படகர் நண்பர் அம்பை எடுத்தார். கேஷியர் அண்ணன், தன் வீரன் பர்லியார் பழத்தோட்டத்திலேயே ஒரு கூடை எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருப்பதாகச் சொன்னார். டைப்பிஸ்ட் இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு, நான் அவகிட்டப் போய் நிக்கிறேன் என்றார். பகடையை அவர் பக்கம் தள்ளினேன். வேண்டாம் என்றார்.

"அக்கா, ஒங்க பேர வெட்டியாச்சு. இனிமே கூப்பிட மாட்டாங்க. நாளைக்கு வந்து நிக்காதீங்க."

பேய்க்கு நான்தான் பேச வேண்டும். எலுமிச்சம்பழத்தைத் தவிர வேறெதுவும் எழுதிவைத்திருக்கவில்லை. அந்த இடத்தில் நின்றால் நான் என்ன கேட்பேனோ அதைக் கேட்டேன்.

"ஒனக்கு எப்ப இருந்து தெரியும்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு வாரமா."

கேஷியர் அண்ணன் மேசைமேல் இருந்த பகடையைக் கையால் மூடிக்கொண்டார். ஒன்றும் அறியாத படகர் நண்பர், பேய் போய்விட்டதா இல்லையா என்று எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் காது சுட்டது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன் பட்டதில்லை.

"மாசக் கடைசியோட உங்களுக்கு வேலை இல்லீங்க," என்றேன். "மேனேஜர் சொல்ல வேண்டாம்னாரு. நான் சொல்லியிருக்கோணும்."

"தெரியும் அண்ணே. மூணு வாரத்துக்கு முன்ன மேனேஜர் கோயமுத்தூருக்கு ஒரு லெட்டரக் கையால எழுதி அனுப்பினாரு. ஏழு வருசத்துல அது ஒண்ணுதான். டைப்பிஸ்ட்ட பத்தி இல்லாம அது வேற எதப் பத்தி இருக்கும்?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம், அதுவும் பரிமாறுகிறவரிடமே.

"நீங்க ரெண்டு பேரும் சொல்லுவீங்கன்னு பார்த்தேன்," என்றார். "அதுக்குத்தான் அந்தக் கதயச் சொன்னேன்."

குரலில் கோபம் இல்லை. அதன் பிறகு சொன்னதையும் அதே குரலில்தான் சொன்னார். ஊட்டியில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேண்டும் என்று பத்து நாளைக்கு முன்பு கேட்டிருக்கிறார்கள். இங்கே வேலை பார்த்ததற்குச் சர்ட்டிபிகேட் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் வாய் திறக்காமல் இவர் போய்ச் சர்ட்டிபிகேட் கேட்டால், வேலையை இவராக விட்டதாகி, வர வேண்டிய பணமும் வராமல் போய்விடும். பொறுத்திருந்தார். முந்தின நாள் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துக்கொண்டார்கள்.

கேஷியர் அண்ணன் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார். டைப்பிஸ்ட் எழுந்து தன் அறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். மெஷின் மேல் போட்டிருந்த உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

"சர்ட்டிபிகேட்ட இப்பவே அடிங்க. திங்கக்கெழம நான் கையெழுத்து வாங்கிக்கிறேன். என் கையால அத அடிக்க மாட்டேன்."

எனக்கு டைப் அடிக்க வராது. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி இரண்டு விரலால் குத்தினேன். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. இன்னார், இந்த ஆபீஸில், இத்தனை வருஷம் என்ற வரியை அடித்து முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

"ஏழு வருசம் அண்ணே," என்றார்.

ஆறு என்று அடித்திருந்தேன். காகிதத்தை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினேன்.