அவளைத் தவிர வேறு யாரையாவது அனுப்பு, முருகா

என்னைப் போல ஐப்பசி சஷ்டிக்கு விரதம் இருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருடமாக மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது. இலஞ்சிக் குமரன் என் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஐப்பசி, சஷ்டி விரதத்தின் ஐந்தாம் நாள் காலை. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். கரண்டு இல்லை. என் மகள் தர்ஷினிக்கு இளைப்பு வந்துவிட்டது. நாலாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. கட்டிலில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்தாள். வாயில் வைத்து அடிக்கிற பம்பு முந்தின நாள்தான் தீர்ந்திருந்தது. கரண்டில் ஓடுகிற புகை மெஷின் சும்மா உட்கார்ந்திருந்தது.

ஆனாலும் நான் பதறவில்லை. என்னிடம்தான் பை இருக்கிறதே! வெள்ளமோ தீயோ, எது வந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கென்று நானே சேர்த்து வைத்த நீலப் பை. புதுப் பம்பு ஒன்று அதற்குள் இருந்தது. ஆணியில் தொங்கிய பையை எடுத்து ஜிப்பைத் திறந்தேன்.

குப்பென்று பூசண வாடை அடித்தது. காயாமல் மடித்து வைத்த துண்டு ஒன்று. பாதி பாட்டில் நல்லெண்ணெய். சீயக்காய்ப் பொடி. என் அண்ணன் மகனுடைய டவுசர். டார்ச் இல்லை, மாத்திரை இல்லை, பம்பு இல்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். சீயக்காய்ப் பொடி தண்ணீரில் மிதந்ததுதான் மிச்சம்.

என் அவசரப் பைக்குள் சீயக்காய் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், என் ஓர்ப்படியாள் மகேசுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

குத்துக்கல்வலசையில் வயலாக இருந்த எங்கள் குடும்ப இடத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் அடுத்தடுத்து வீடு கட்டியிருக்கிறார்கள். மூத்தவர் என் வீட்டுக்காரர். விடிவதற்கு முன்பே டெம்போவை எடுத்துக்கொண்டு பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். இளையவர் பட்டாளத்தில். அவர் பெண்டாட்டிதான் மகேசு. மகன் ஹாஸ்டலில் படிக்கிறான். வீட்டில் அவள் ஒருத்திதான். எங்கள் வீடு தரையோடு தரை. அவள் வீட்டுக்கு மாடி உண்டு. அந்த மாடியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

கொழுந்தனார் லீவில் வந்தபோது அவளுக்கு ஒரு சிவப்புப் பை தயார் செய்து கொடுத்தார். கயிறு, விசில், டார்ச், பிளாஸ்டிக் கவரில் ஆதார், பத்திர நகல், தண்ணீர், மாத்திரை என்று எல்லாம் அதற்குள் இருந்தன. வாசல் கதவுக்குப் பின்னால் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகேசு விசில் அடிப்பாள். கேஸை அடைத்து, மெயினை அணைத்து, பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுவாளாம். நான் கறிக்கடைக்குப் போகிற வழியில் அந்தச் சத்தம் காதில் விழும். வீட்டில் ஒற்றை ஆளாக இருந்துகொண்டு இவள் யாருக்கு விசில் அடிக்கிறாள் என்று தெருவில் எல்லோரும் சிரிப்பார்கள். அதிகமாகச் சிரித்தது நான்தான்.

ஆனால் என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "ஏட்டி, மகேசு எப்படி வச்சிருக்கா பாரு. அவதான் வெவரம்" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே தென்காசிக்குப் போய் அவள் பையைவிடப் பெரிய பையாக வாங்கிவந்தேன். அவளிடம் ஒரு டார்ச் என்றால் என்னிடம் இரண்டு. அவள் பழைய துண்டு வைத்திருந்தாள், நான் புதுத் துண்டு வைத்தேன். தர்ஷினிக்குப் புதுப் பம்பும் வைத்தேன். அதுவும் பிள்ளைக்காக வைத்ததா, மகேசுவுக்குக் காட்டுவதற்காக வைத்ததா என்று குமரனுக்குத்தான் வெளிச்சம்.

பிறகு ஆடி வந்தது, சாரல் வந்தது. சீசன் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள் பாடு உங்களுக்குத் தெரியும். மறந்துபோன உறவெல்லாம் துண்டு கொண்டுவராமல் வந்து நிற்கும். விருதுநகரிலிருந்து என் அண்ணன் குடும்பம் வந்தது. ஐந்தருவிக்குக் கிளம்பும்போது, நனைந்த துணி வைக்க ஒரு நல்ல பையும் துண்டும் வேண்டும் என்றார் அண்ணி. பக்கத்து வீட்டில் சிவப்புப் பை தொங்குவதைப் பார்த்துவிட்டு, நேரே போய் மகேசுவிடமே கேட்டுவிட்டார்.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "மதினி, வேற துண்டு தாரேன். அந்தப் பையைத் தொடக்கூடாது. அது ஆபத்துக்கு வச்சது."

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வாசலிலேயே நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். "விருந்தாளிக்கு ஒரு பை குடுக்க மனசில்லாத வீட்டுல எதுக்கு மதினி கேக்கிய? இங்கன வாங்க. எம்பையைக் கொண்டுட்டுப் போங்க!"

கொண்டுபோனார்கள். அருவியில் குளித்தார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், பையைத் திரும்பக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டு ஊருக்குப் போனார்கள். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஜெயித்த சந்தோஷம். அன்றோடு மகேசு என்னிடம் பேசுவதை நிறுத்தினாள். சரி, நானும் பேசவில்லை. ஆடி போய், ஆவணி, புரட்டாசி போய் ஐப்பசியும் வந்துவிட்டது.

இப்போது வெள்ளத்துக்கு வருகிறேன். மலையில் இரண்டு நாளாகப் பேய்மழை. அருவிப் பக்கமே யாரும் போகக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள். எங்களுக்கு மேற்கே இருக்கிற குளம் நிரம்பி, பழைய வயல் எதுவென்று தண்ணீருக்குத் தெரியும் போல, நேராக எங்கள் தெருவுக்கு வந்தது. வீட்டுக்காரர் போனில் கத்தினார். "ரோட்டுக்கு மேல தண்ணி போவுது. வண்டியை விடமாட்டேங்கான். நீ பிள்ளையக் கூட்டிட்டு மகேசு வீட்டு மாடிக்குப் போயிரு." அதோடு லைன் போய்விட்டது. அப்புறம் டவரே இல்லை.

மகேசு வீட்டு மாடிக்கா? நானா?

பையைத் திறந்து பார்த்தது அதற்குப் பிறகுதான்.

தர்ஷினிக்கு நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. பேச முடியவில்லை, கண்ணால் என்னைப் பார்த்தாள். வாசல் பக்கம் போய்ப் பார்த்தேன். தெருவில் ஓர் ஆள் இல்லை. பின்வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் மகேசுவுக்குக் கேட்கும். கேட்டு வருவாள் என்றும் தெரியும். அவள் வந்து, "பை என்னாச்சு அக்கா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? சீயக்காய் என்றா?

தண்ணீருக்குள் நின்றபடியே பூஜை அலமாரியைப் பார்த்துக் கையெடுத்தேன். இலஞ்சிக் குமரன் படத்துக்கு முன்னால் விளக்குகூட ஏற்றவில்லை. தீப்பெட்டி நனைந்துபோயிருந்தது. "முருகா, அஞ்சு நாளா ஒருபொழுதோட கெடக்கேன். எம்பிள்ளையக் காப்பாத்த யாரையாவது அனுப்பு. அவளைத் தவிர வேற யாரையாவது அனுப்பு" என்று சொல்லி அழுதேன்.

சிரிக்காதீர்கள். அப்படித்தான் வேண்டினேன். பிள்ளை மூச்சுக்குப் போராடும்போதும் எனக்கு அதுதான் வாயில் வந்தது.

யாரும் வரவில்லை. தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டது. திரும்பிப் பார்த்தேன். பிள்ளையின் உதடு நிறம் மாறியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த மானம், ரோஷம், மாடி, சிவப்புப் பை எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. "அவளே வரட்டும் முருகா! அவளையே அனுப்பு!" என்று அலறிவிட்டு, அவள் பெயரைக் கூப்பிடப் பின்வாசலுக்கு ஓடினேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் விசில் கேட்டது.

கதவைத் திறந்தேன். மகேசு பாதி வழியில் நின்றாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பள்ளம், அங்கே இடுப்பளவு தண்ணீர். அவள் வீட்டு மாடிப்படிக் கம்பியில் ஒரு முனையைக் கட்டி, கயிற்றைப் பிடித்துக்கொண்டே வந்திருந்தாள். சிவப்புப் பை தலையில் இருந்தது. அந்தக் கயிற்றைக் கட்டி, படியிறங்கி, அவ்வளவு தூரம் வர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவளை அனுப்பாதே என்று நான் சாமியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். நான் வேண்டியதில் முன்பாதியை மட்டும் கேட்டுவிட்டு, பின்பாதியைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை குமரன்.

நடுவில் கால் வழுக்கியதில் அவள் மூக்குக்கண்ணாடி விழுந்து தண்ணீரோடு போய்விட்டது. கண்ணாடி இல்லாவிட்டால் மகேசுவுக்கு எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. அப்படியே தடவித் தடவி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, பிள்ளை எங்கன?"

"பம்பு இல்ல மகேசு... பையில இல்ல..." என்று அவளைக் கட்டிலுக்கு இழுத்துப் போனேன்.

"எங்கிட்ட இருக்குக்கா. கயித்த உங்க ஜன்னல்ல இறுக்கிக் கட்டுங்க" என்றாள். கட்டிலில் உட்கார்ந்து பையின் பக்க ஜிப்பைக் கண்ணால் பார்க்காமல் கையாலேயே திறந்தாள். புதுப் பம்பு. அதை மாட்டுகிற நீளக் குடுவையும் இருந்தது. இரண்டையும் கவரில் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். அவள் வீட்டில் யாருக்கும் இளைப்பு கிடையாது.

"மெதுவா இழு தங்கம். சித்தி கூடவே எண்ணு" என்று சொல்லி அடித்தாள். கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல மெல்ல அந்தக் குழி ஆழம் குறைந்தது. உதட்டில் சிவப்பு வந்தது. "அம்மா, சீயக்கா நாறுது" என்றாள் தர்ஷினி. நான் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதேன்.

பிள்ளையை நான் தோளில் தூக்கிக்கொள்ள, கயிற்றைப் பிடித்தபடி மூன்று பேரும் அவள் மாடிக்குப் போய்ச் சேர்ந்தோம். மேலே பாய், தண்ணீர், பிஸ்கட் எல்லாம் தயாராக இருந்தன. என் மகள் யாரையும் கேட்காமல் நேரே ஒரு மூலைக்குப் போய், அங்கே மடித்திருந்த போர்வையை எடுத்து விரித்து உட்கார்ந்தாள்.

"இது என் இடம்மா" என்றாள்.

"என்னது, உன் இடமா?"

"ஞாயித்துக்கிழமை நீ கறி வாங்கப் போவல்லா, அப்ப சித்தி விசில் அடிப்பா. நான் ஓடி வந்து இங்கன உக்காரணும். லேட்டா வந்தா மறுபடி ஓடணும்."

நான் மகேசுவைப் பார்த்தேன். அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்க பேசாட்டா பிள்ளை என்னக்கா செய்வா? நாலு வீட்டுக்கு நடுவுல உங்க வீட்டுக்குத்தான மாடி இல்ல. அதான் அவளுக்கு அடிச்சேன்."

யாருக்கு விசில் அடிக்கிறாள் என்று நான் சிரித்தேனே, அது என் பிள்ளைக்குத்தான் அடித்திருக்கிறாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் நன்றி வந்தது, கூடவே பொறாமையும் வந்தது, முன்னைவிட அதிகமாக வந்தது. என் பிள்ளைக்கு எது வேண்டும் என்று என்னைவிட அவள் யோசித்திருக்கிறாளே! அதை எப்படித் தாங்குவது? அவள் காலைப் பிடித்துக் கும்பிட்டேன். கும்பிடும்போதும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் சூரசம்ஹாரத்துக்கு இலஞ்சிக்குப் போக வழியில்லை. அந்த மாடியிலேயே இரண்டு பேரும் சேர்ந்து விரதம் முடித்தோம். தண்ணீர் வடிந்ததும் பிள்ளையை டாக்டரிடம் காட்டினோம். அப்புறம் அண்ணிக்குப் போன் போட்டுப் பம்பைக் கேட்டேன். "அதுவா, முக்கியமான சாமானாச்சேன்னு உங்க அரிசி டிரம்முக்குள்ள பத்திரமா வச்சேனே!" என்றார். போய்க் கைவிட்டுப் பார்த்தேன். அரிசிக்கு அடியில் பத்திரமாகத்தான் இருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விசில் அடித்தால் நானும் ஓடுகிறேன். தெருவில் இன்னும் சில வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள். சாரலுக்கு வருகிற விருந்தாளிக்கென்று தனியாகப் பத்துத் துண்டு வாங்கிப் போட்டுவிட்டேன். நீலப் பையைத் தொட்டால் அண்ணனானாலும் சரி, வாசலோடு அனுப்பிவிடுவேன். மாதம் பிறந்தால் திறந்து பார்த்து, நாள் போன மருந்தை மாற்றுகிறேன்.

என்னைப் போன்ற அடியார்களே, வேண்டுங்கள். குமரன் கேட்பான். ஆனால் யார் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று அவனுக்குச் சொல்லித் தராதீர்கள். வீட்டில் ஒரு பை வையுங்கள். உங்களுக்கு யாரைக் கண்டால் ஆகாதோ, அவர்களுக்கு வேண்டியதும் ஒன்று அதற்குள் இருக்கட்டும்.

நான் வைத்திருக்கிறேன். தென்காசியில் மகேசு வழக்கமாக வாங்குகிற கண்ணாடிக் கடைக்குப் போய், கெஞ்சிக் கூத்தாடி அவள் பவரைக் கேட்டு, அதே மாதிரி ஒரு மூக்குக்கண்ணாடி செய்து என் நீலப் பையின் பக்க ஜிப்பில் போட்டிருக்கிறேன். அவளுக்குத் தெரியாது. அது தேவைப்படுகிற நாள் அவளுக்கு வரவே வேண்டாம், முருகா. அப்படியே வந்தாலும், இந்தத் தடவை வேறு யாரையும் அனுப்பிவிடாதே. என்னைத்தான் அனுப்ப வேண்டும்.