அண்ணன் கண்ணைக் காட்டித் தடுத்த வைத்தியம்

தஞ்சாவூரில் கண் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒருநாள் காலை, வலங்கைமான் பக்கத்து மல்லிகாவை அவளுடைய அண்ணன் கணேசன் ஓ.பி.க்குக் கூட்டிவந்தார். பின்னாலேயே அவள் கணவரும் வந்து, "ஆபரேஷன் வேண்டாம்னு எழுதிக்குங்க சிஸ்டர்" என்றார். நான் அவள் பேரைக்கூட இன்னும் கேட்டிருக்கவில்லை.

அண்ணன், தங்கை இருவருக்கும் ஒரே நோய். கருவிழியில் வெள்ளை படர்ந்து, வயது ஏற ஏறக் கூடும். பரம்பரையாக வருவது. பெற்றோர் இருவரும் அத்தை மகனும் மாமன் மகளும்.

கணேசனுக்கு ஆபரேஷன் செய்த காலத்தில், கருவிழியை முழுக் கனத்துக்கும் வெட்டி எடுத்துவிட்டு, தானமாக வந்ததை வைத்துத் தைப்பார்கள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அறுவடை சமயத்தில் கண் சிவந்தது. அது ரிஜெக்ஷன், புதுக் கருவிழியை உடம்பு ஏற்க மறுக்கிறது. உடனே ஓடிவர வேண்டும். ஆபரேஷன் செய்த இடத்தில் அதை அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. சொட்டு மருந்தைக் கொடுத்து அனுப்பியதோடு சரி. நெல்லுத் தூசி என்று நினைத்து மருந்துக்கடையில் ஏதோ வாங்கி விட்டுக்கொண்டார். அந்தக் கண் போய்விட்டது.

அதைக் காட்டியே மல்லிகாவைக் கணவர் வீட்டில் வருஷக்கணக்கில் தடுத்து வைத்திருந்தார்கள். வரப்பு தெரியாமல் வாய்க்காலில் விழுந்தவளை, மாட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு கிடக்கட்டும் என்று விட்டார்கள்.

டாக்டர் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்துவிட்டு, இவளுக்குக் கருவிழியின் உள்படலம் நன்றாக இருக்கிறது, அதை அப்படியே வைத்துக்கொண்டு முன்பகுதியை மட்டும் மாற்றலாம் என்றார். ரிஜெக்ஷன் பயம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் முன்னைவிட நிறையக் குறைவு என்றும் விளக்கினார். மச்சானிடமும் பயமில்லை என்றுதானே சொன்னார்கள் என்று கணவர் முரண்டு பிடித்தார்.

கணேசன் குரலை உயர்த்தவில்லை. "போனது என் கண்ணு, மாப்ள. அதைச் சாக்கா வச்சு இவ கண்ணையும் மூடாதீங்க."

டாக்டர் மல்லிகாவைக் கேட்டார். செய்துவிடச் சொன்னாள்.

தானக்கண்ணுக்குக் காத்திருந்து செய்தோம். கட்டுப் பிரித்ததும் பளிச்சென்று தெரிந்துவிடாது. தையல் எடுத்து, கண்ணாடி போட்ட பிறகுதான் பஸ் போர்டைப் படித்தாள். அன்றைக்குச் செக்கப்புக்குக் கூட வந்த கணவர் கேட்ட முதல் கேள்வி, சம்பா நடவுக்கு அனுப்பலாமா என்பதுதான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் வாய் திறப்பதற்குள் மல்லிகாவே சொன்னாள்:

"முதல்ல இன்னொரு கண்ணு. நடவெல்லாம் அப்புறம்."

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: ஒரு வைத்தியம் மாறினால், பழைய வைத்தியத்தில் கண்ணை இழந்தவர் வீட்டுக்குத்தான் அந்தச் சேதி முதலில் போகணும். அங்கேதான் அடுத்த கண் காத்திருக்கும்.