ஒரு வீட்டில் இரண்டு வைரஸ்

எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் ஆலோசகர் வேலை என்றால், அழுகிறவர்களுக்குத் தைரியம் சொல்வது என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்; பாதி நாள் வைரஸுக்காக வக்காலத்து வாங்கும் வேலையாக இருக்கிறது. "அவரைப் படுக்க வெச்சுடுச்சு, என்னை ஏன் விட்டுவெச்சிருக்கு?" என்று கேட்பார்கள். நானும் தினம் தொண்டை வறள அதே பாட்டைப் பாடுவேன். சொன்னதையே சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர் யாராவது இதைப் படித்தால், இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நீங்கள் நம்ம கட்சி.

சாயம்

தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர். தென்காசிப் பக்கத்துக்காரர். யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாதென்று மாஸ்க், தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் மாத்திரை வாங்க வருவார். அதனாலேயே வரிசையில் நிற்கிற எல்லோரும் அவரையே பார்ப்பார்கள். அவருக்கும், அவர் சேக்காளி என்று சொல்கிற சிநேகிதருக்கும் ஒரே சமயத்தில்தான் தொற்று தெரிந்ததாம். இரண்டு பேரும் பயந்துகொண்டு சிகிச்சைக்கு வராமலே நாளைக் கடத்தியிருக்கிறார்கள். சேக்காளி சீக்கிரமே படுத்துவிட்டார். இவரோ மாம்பலம் ஸ்டேஷன் படியை மூச்சு வாங்காமல் ஏறுகிறார். அது எப்படி என்பதுதான் கேள்வி.

ஆரம்பித்தேன் என் பாட்டை. இந்த வைரஸ் தன்னைத்தானே நகல் எடுத்துக்கொண்டே இருக்கும். எடுக்கிற நகலிலெல்லாம் தப்பும் தவறுமாக இருக்கும். அதனால் ஒருத்தர் உடம்பில் இருப்பது மாதிரி இன்னொருத்தர் உடம்பில் இருக்காது. சிலது ஓட்டமாக ஓடும், சிலது நின்று நிதானமாகப் போகும். நம் உடம்பு வாகும் சேர்ந்துகொள்ளும், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மெதுவாகப் போகிற ரகம்தானே என்று நம்பி மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று முடித்தேன். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "ஒரே மில்லுத் துணிதான், ஒண்ணு மொத சலவையிலயே சாயம் போவும், ஒண்ணு போவாதுன்னு சொல்லுதிய. இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

கடலில் பி.பி.

பட்டினப்பாக்கத்து அந்தோணி மீன்பிடிப் படகில் போகிறவர். கிளம்பினால் கரைக்குத் திரும்பப் பல நாள் ஆகும். அவர் மனைவி ஸ்டெல்லா மீன் விற்கிறாள். இரண்டு பேருமே எங்கள் மையத்தில்தான் மாத்திரை வாங்குகிறார்கள். அவரிடமிருந்துதான் அவளுக்கு வந்தது. இருவருக்கும் ஒரே மாத்திரை. ஸ்டெல்லாவுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. அந்தோணிதான் திடீரென்று இளைக்க ஆரம்பித்தார், ரத்தத்தில் வைரஸும் ஏறியிருந்தது.

குடைந்து கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. கடலுக்குப் போகும்போது மாத்திரை வீட்டிலேயே தங்கிவிடுகிறது. எனக்குக் கோபமான கோபம். மருந்தை விட்டு விட்டுப் போட்டால் அதற்கு அடங்காத நகல்கள் தலையெடுத்துவிடும், அப்புறம் அந்த மருந்து மருந்தே இல்லை என்று எத்தனை முறை கத்தியிருக்கிறேன். படகில் யாராவது கேட்டால் பி.பி. மாத்திரை என்று சொல்லச் சொன்னதும் நான்தான். "அப்டித்தான் மேடம் சொன்னேன். 'எனக்கும் தலை சுத்துது, ஒண்ணு குடு நைனா'ன்னு அல்லாரும் கை நீட்றானுங்க. நான் இன்னா பண்றது?"

டபுள் டோஸ்

அந்தோணியின் ரத்தத்தை, வைரஸ் எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு எங்கள் டாக்டரம்மா அனுப்பினார். அது வர நாளாகும், அதுவரை கடலுக்குப் போகாமல் பழைய மாத்திரைதான். அந்த இடைவெளியில் ஸ்டெல்லாவுக்கு வழக்கமான பரிசோதனை வந்தது. அவளுக்கும் வைரஸ் தாறுமாறாக ஏறியிருந்தது.

நம்பவே முடியவில்லை. மாத்திரை டப்பாவைச் சரியாகக் காலி செய்துகொண்டு வருகிறவள் அவள். என் அறையில் உட்காரவைத்துக் கேட்டேன். முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தவள் கடைசியில் சொன்னாள். தன் மாத்திரையையும் அவருக்கே கொடுத்திருக்கிறாள். டாக்டரம்மா இரண்டிரண்டாகப் போடச் சொன்னதாக அவரிடம் பொய் வேறு.

மறுநாளே அந்தோணியின் ரிப்போர்ட் வந்தது. அவருடைய வைரஸுக்கு அந்த மாத்திரை இனி கேட்காது. ஒன்று போட்டாலும் இரண்டு போட்டாலும் ஒன்றுதான். அவருக்கு உதவாத அந்த மாத்திரைதான் அவளுக்கு உயிர். அவளைத் திட்டலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று தெரியவில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்: "அவரு எளைச்சுக்கினே போறாரு மேடம். நான் நல்லாத்தானே கீறேன்? ரெண்டு பேருக்கும் ஒரே வைரஸு, ஒரே மாத்திரைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஜெபமாலை டப்பா

அவளுடைய ரத்தமும் அதே சோதனைக்குப் போனது. அவளுடைய வைரஸும் கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது என்று ரிப்போர்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, அவளிடம் இருப்பது பழைய ஆள்தான், மாறவில்லை. என்றைக்கோ அவரிடமிருந்து இவளிடம் வந்தது வந்தபடியே இருக்க, அவரிடம் தங்கியதுதான் கடலுக்குப் போய்க் கெட்டுப்போயிருந்தது. இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்து, "ஒரு வீடுதான், ஆனா வைரஸ் ரெண்டு. உங்க மாத்திரை வேற, அவ மாத்திரை வேற" என்றேன். பொய்க் கதையும் அப்போதுதான் உடைந்தது. அந்தோணி எழுந்துபோய் வெளியே ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்தார்.

இப்போது அவருடைய புது மாத்திரை ஜெபமாலை டப்பாவில் கடலுக்குப் போகிறது. அதை யாரும் பங்கு கேட்பதில்லையாம். போன முறை வந்தபோது ஸ்டெல்லாவின் ரத்தத்தில் வைரஸ் தேடினாலும் அகப்படவில்லை. அவருக்கும் உடம்பு தேறியிருந்தது. வீட்டில் எப்படிப் போகிறது என்று கேட்டேன். ஸ்டெல்லா சிரித்தாள், பதில் அந்தோணியிடமிருந்து வந்தது. "கரையில கீற நாள்ல, அவ முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டினாதான் மேடம் நான் சோத்துல கை வெப்பேன்."

வைரஸ் மாறினால் காட்டிக்கொடுக்கச் சோதனை இருக்கிறது, பெண்டாட்டி தன் மாத்திரையை எடுத்துப் புருஷனுக்குக் கொடுத்தால் காட்டிக்கொடுக்கத்தான் இன்னும் ஒன்றும் வரவில்லை.