நிற்கச் சொல்லாத பூ

ஸ்கேல் டீச்சருக்கு அந்தப் பெயர் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அடிப்பதற்காக ஸ்கேலைத் தூக்கியதே இல்லை, பாவம். பலகையில் கோடு கொஞ்சம் கோணினாலும் அவருக்கு மனசு ஆறாது, அவ்வளவுதான். சாக்பீஸும் கையுமாக ஜன்னல் வழியே மேகத்தைப் பார்த்துக்கொண்டு பாதிக் கணக்கில் நின்றுவிடுவதும் உண்டு. "டீச்சர் பறந்துட்டாங்க" என்று பிள்ளைகள் கிசுகிசுப்பார்கள். தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை. கணக்கில் பிழை வந்தால் சட்டென்று அழித்துவிட்டு, "யார் கவனிக்கிறீங்கன்னு பார்த்தேன்" என்பார். யார் நம்பினார்கள்!

அப்படிப்பட்டவரைப் போய்க் கோடிங் வகுப்பு எடுக்கச் சொன்னார் தலைமையாசிரியை.

"மேடம், கம்ப்யூட்டர்ல எனக்கு மார்க் ஏத்த மட்டும்தான் தெரியும்."

"போன மாசம் பிரிண்டர்ல சிக்கின பேப்பரை எடுத்தது நீங்கதானே? மத்தவங்க அது பக்கமே போகலை."

தீர்ந்தது கதை. நன்கொடையாகப் பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். ஆண்டு முடிவில் பெற்றோர் முன்னால் பிள்ளைகள் ஏதாவது செய்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெஞ்சுகள் திரும்பி வரும், கம்ப்யூட்டர்கள் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

வீட்டில் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். "கண்ணாடியைத் தலையில வச்சுக்கிட்டே வீடு பூரா தேடுறவ நீ!"

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றார் டீச்சர். தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டார்.

கம்ப்யூட்டர்களில் மென்பொருள் ஏற்றித் தர வேண்டியவர் நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் ஓட்டினார். டீச்சர் தரையில் சாக்பீஸால் கட்டங்கள் வரைந்தார். ஒரு பிள்ளைதான் இயந்திரம். மற்றவர்கள் எழுதிக் கொடுக்கும் கட்டளைப்படி அது நடக்கும். இயந்திரம் பேசக் கூடாது, சொந்தமாக யோசிக்கவும் கூடாது. வெயில் விழுந்த அந்தக் கட்டங்களில் பிள்ளைகள் மெல்ல நடந்து திரும்புவதைப் பார்க்கையில் டீச்சருக்குத் தூக்கத்தில் மிதப்பது போலிருக்கும். ஐந்தடி நட, வலப்பக்கம் திரும்பு. தெருவில் போகும்போதும் அவர் கால்கள் அதையே எண்ணின.

ஒருநாள் பூனைக்குட்டி இயந்திரமானாள். வருகைப் பதிவில் 'உள்ளேன்' சொன்னால் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்காத குரல், அதனால் அந்தப் பெயர். டீச்சரே கட்டளை எழுதினார்: ஐந்தடி நட, வலப்பக்கம் திரும்பு, திரும்பத் திரும்பச் செய். பூனைக்குட்டி நடக்க ஆரம்பித்தாள். கடைசி மணி அடித்தது, பிள்ளைகள் சிட்டாகப் பறந்தார்கள். டீச்சரையும் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள்.

அரைமணி நேரம் கழித்துப் பையை எடுக்க வந்தால், பூனைக்குட்டி சதுரமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்!

"அடிப்பாவி! இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

"எத்தனை தடவைன்னு எழுதலையே டீச்சர்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"இயந்திரம் பேசக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

டீச்சர் தாளை வாங்கி மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். "யார் கவனிக்கிறீங்கன்னு பார்த்தேன்" என்றார். வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பொய் நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது.

பெற்றோர் வரும் நாள் வந்தது. ஒருவழியாக மென்பொருள் ஏறிய கம்ப்யூட்டரில் பிள்ளைகள் ஒரு பூ செய்திருந்தார்கள். திரையில் இதழ் இதழாக விரிந்து, பன்னிரண்டாவது இதழோடு முடியும் பூ. டீச்சருக்குக் கை சும்மா இருக்குமா? காலையில் யாருமில்லாத அறையில் கனவு கண்டபடியே உட்கார்ந்து, ஒவ்வோர் இதழும் முந்தையதைவிடக் கொஞ்சம் பெரிதாக வரும்படி மாற்றி எழுதினார். ஐந்து இதழ் வரை ஓட்டிப் பார்த்துச் சொக்கிப் போனார்.

பெற்றோர் முன்னால் பூ விரிந்தது. பதின்மூன்றாவது இதழ் வந்தது. இருபதாவது வந்தது. திரையின் ஓரத்தைத் தாண்டியும் பூ வளர்ந்துகொண்டே போனது. யாரோ சிரித்தார்கள். தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பெஞ்சுகள் வரிசையாக உள்ளே வருவது டீச்சரின் கண்ணில் தெரிந்தது.

பூனைக்குட்டி கடைசி வரிசையில் நின்றாள். தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரியும் என்பது முகத்திலேயே இருந்தது. உதடு மட்டும் இறுக மூடியிருந்தது.

யார் கவனிக்கிறீங்கன்னு பார்த்தேன். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டீச்சர் அதை விழுங்கினார்.

"தப்பு என்னோடது" என்றார், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி. "பிள்ளைங்க சரியாத்தான் எழுதினாங்க, நான்தான் கெடுத்துட்டேன். இங்க வாடா கண்ணு. நீ இயந்திரம் இல்ல, பேசு."

பூனைக்குட்டி முன்னால் வந்தாள். "எத்தனை தடவைன்னு இருந்த வரி போயிடுச்சு டீச்சர்" என்றாள். அவள் அம்மா அந்தக் குரலைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பூனைக்குட்டி பன்னிரண்டு என்று தட்டினாள். பூ மறுபடி முதலிலிருந்து விரிந்து, திரை நிறைய நின்றது.

கூட்டம் கலைந்த பிறகு தலைமையாசிரியை அறைச் சாவியை நீட்டினார். "நீங்களே வச்சுக்கோங்க. அடுத்த வருஷமும் தப்பு வருமா?"

"கண்டிப்பா வரும் மேடம்."

சாயங்கால வெயிலில் கால்களை எண்ணவிட்டு நடந்தார் டீச்சர். ஐந்தடி நட, வலப்பக்கம் திரும்பு.

"ஏய், எங்க போற? வீடு இங்க இருக்கு!" கணவர் வாசலிலிருந்து கத்தினார்.

நான்கு வீடு தாண்டி வந்திருந்தார். சாவியை இறுகப் பிடித்தபடி திரும்பினார்.

"தப்பா வந்துட்டேங்க" என்றார். சொல்வதற்கு இப்போது எவ்வளவு சுலபமாக இருந்தது.