இரண்டு கிலோ நூறு கிராம் நாற்காலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்டதில்லை, எனக்கே நடந்தது. சாட்சிக்கு ஓர் அட்டைப்பெட்டி மூடியை வைத்திருக்கிறேன். அதில் ஆறு இரவுகளின் எடையும் நேரமும் என் கையெழுத்தில் இருக்கின்றன. நாலாவது வரிக்குக் கீழே எழுத்து கோணிக்கொண்டு போகும்.

பகலில் நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஊரார் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். என் பிழைகளைக் கண்டுபிடிக்க வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், சம்பளமில்லாமல். அவள் மருத்துவமனையில் நர்ஸ். வருஷம் முழுக்க இரவுப் பணி. இரவுப் பணிக்குத் தனியாக ஒரு படி கொடுப்பார்கள், அதில்தான் எங்கள் வாடகையில் பாதி ஓடுகிறது. எங்களுக்கு நாலு வயதில் ஒரு மகள், பட்டப்பெயர் வால். அம்மாவின் பழைய துப்பட்டாவைச் சுருட்டிக் கட்டிக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"அந்தப் படிப் பணத்தை ஆறு மாசம் தொடர்ந்து நீ வெளியிலேருந்து கொண்டு வா. மறுநாளே பகல் டியூட்டிக்கு எழுதிக் குடுத்துடறேன்" என்றாள் மனைவி.

"கொண்டு வருவேன்."

"பாக்கத்தானே போறேன்."

இப்படித்தான் இணையத்தில் பழைய சாமான் விற்க இறங்கினேன். முதலில் என் சொந்த சாமான்கள். தொப்பையைக் குறைக்க வாங்கி, பாதுகாப்பாகத் தரையிலேயே வைத்திருந்த ஐந்து கிலோ தம்பிள்ஸைத் தவிர மற்றதெல்லாம் போயிற்று. பிறகு வீடு காலி செய்கிறவர்களிடம் மொத்தமாக வாங்கித் துடைத்து, படம் எடுத்து, விற்றேன். நாலு மாதம் வாக்கைக் காப்பாற்றினேன். ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

விற்பதில் கஷ்டமே இல்லை. அந்த விற்பனை ஆப்தான் கஷ்டம். என் மாதிரி சில்லறை ஆட்களுக்கு எடைப் படம் ஏற்றும் நேரம் இரவு 11.30 முதல் 12.00 வரை. பகல் நேரமெல்லாம் பெரிய கடைக்காரர்களுக்கு. பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் பொருளை எடை மெஷினில் வைத்து, எண் தெரிய, ஆப் வழியாகவே படம் எடுக்க வேண்டும். விளம்பரத்தில் போட்ட எடையும் படத்து எடையும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு கரும்புள்ளி. மூன்று கரும்புள்ளி விழுந்தால் கணக்கு மூடப்படும். எனக்கு ஏற்கெனவே இரண்டு. ஒன்று மிக்ஸியை மூடியில்லாமல் நிறுத்தது. இன்னொன்றை வெட்கத்தால் சொல்லப் போவதில்லை.

அந்த மாதம் ஒருவர் அக்காவின் வீட்டைக் காலி செய்வதாகக் கூப்பிட்டார். இஸ்திரிப் பெட்டி, திரைச்சீலைகள், மேசை விளக்கு, குழந்தைகள் உட்காரும் மஞ்சள் மர நாற்காலி ஒன்று. விலை பேசவே இல்லை அவர். "எடுத்துட்டுப் போயிடுங்க, போதும்" என்றார்.

நாற்காலியின் வலது கைப்பிடியில் வரிசையாகப் பல் பதிந்த தடம். சின்னப் பற்கள். அது தெரியாத கோணத்தில் படம் எடுத்து, 'லேசான கீறல்' என்று எழுதினேன். எடை 2.100 கிலோ. பகலில் நானே நிறுத்துப் போட்டது.

மறுநாளே ஒருவர் வாங்கினார். மூன்று நாளாக "கடைசி விலை?" என்பதைத் தவிர வேறு வார்த்தையே பேசாதவர். அதனால் அவருக்கு நான் வைத்த பெயரே கடைசி விலை.

அன்று இரவு வாலைத் தூங்க வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். மணி 11.40. நாற்காலியைத் தூக்கி மெஷினில் வைத்தேன்.

15.500.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். 15.500. நாற்காலியை இறக்கினேன். ஒரு கையால்தான் இறக்கினேன், அத்தனை லேசு. தம்பிள்ஸை வைத்தேன். 5.000. வாங்கின நாளிலிருந்து அது எனக்குச் செய்த ஒரே உதவி. மறுபடி நாற்காலி. 15.500. பேட்டரி மாற்றினேன். தரையைத் துடைத்தேன். மெஷினை நகர்த்தினேன். மெஷினைத் திட்டினேன். அதற்குள் 12.00 ஆகிவிட்டது.

காலையில் வைத்தால் 2.100. சிரிக்கிறதா என்னைப் பார்த்து?

சேவை மையத்துக்குப் போன் போட்டேன். இருபத்திரண்டு நிமிஷம் புல்லாங்குழல் கேட்டேன். பிறகு ஒரு பெண் வந்தாள்.

"உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது சார்."

"புரிஞ்சா சரி. கரும்புள்ளி வேண்டாம்மா."

"மெஷின் கோளாறுன்னா, அதே பொருளை அதே நேரத்துல அஞ்சு ராத்திரி நிறுத்து, நேரத்தோட எழுதி அனுப்புங்க சார். ஆறாவது ராத்திரி சரியான எடை காட்டினா ஆர்டர் போகும். இல்லேன்னா கணக்கை மூடிடுவோம்."

"அதுவரைக்கும்?"

"ஆர்டர் நிறுத்தி வெச்சிருக்கு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

இதுவரை என்ன உதவி செய்தாள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஒரு பெட்டி மூடியைக் கிழித்து எழுத ஆரம்பித்தேன். முதல் இரவு, 11.40, 15.500.

இரண்டாம் இரவு. 11.40. எண் 15.300.

இருநூறு கிராம் குறைந்திருந்தது. கெட்டுப்போன மெஷினுக்கு இவ்வளவு கணக்காக இருநூறு கிராம் குறைக்கத் தெரியுமா? கடைசி விலையிடமிருந்து செய்தி: "வருமா வராதா?" எனக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

மூன்றாம் இரவு. 15.200.

அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். உயிரில்லாத பொருளை வைத்தால் எண் ஓடி ஓர் இடத்தில் நின்றுவிடும். இது நிற்கவில்லை. 15.200... 15.190... 15.210... 15.200... ஆள் ஏறி நின்றால் ஆடுமே, அந்த மாதிரி.

கூடவே ஒரு சத்தம். டொக்... டொக்...

நாற்காலியின் முன்கால் பக்கமிருந்து வந்தது. மரத்தில் குதிகால் படுகிற சத்தம். நான் குனிந்தேன். நின்றது. நிமிர்ந்தேன்.

டொக்... டொக்...

படுக்கையறையிலிருந்து வாலின் குரல். தூக்கத்தில்.

"கால ஆட்டாதே..."

அவள் என்னைச் சொல்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் நின்றுகொண்டிருந்தேன். நிற்கிறவன் எப்படிக் காலை ஆட்டுவான்?

மனைவிக்குப் போன் போட்டேன். மணி 11.52.

"நாற்காலி பதினஞ்சு கிலோ காட்டுது."

"நான் வார்டுல இருக்கேன்."

"சத்தம் வேற வருது."

"தண்ணி குடிச்சிட்டுப் படு. வால் போத்திக்கிட்டு இருக்காளா பாரு." வைத்துவிட்டாள்.

நாலாம் இரவு. 11.40. 14.900.

அறையில் மருந்து வாசனை. குழந்தைகளுக்குக் கொடுப்பார்களே, பழ வாசனை கலந்த இனிப்புத் திரவம்... எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை.

ஐந்தாம் இரவு. 14.700.

எண் ஆடவில்லை. சத்தம் இல்லை. நாற்காலியின் சாய்மானம் மட்டும் ஒரு தரம் மெல்ல முனகியது. களைத்துப் போன ஒருவர் பின்னால் சாய்ந்தால் வருகிற முனகல்.

இதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்ன செய்ய? ஐந்து வரிகளையும் படம் பிடித்து அனுப்பினேன். ஆறாவது இரவு சரியாக வராவிட்டால் கணக்கு போய்விடும். வால் இனியும் அம்மாவுக்குப் பதில் துப்பட்டாவோடுதான் தூங்குவாள்.

ஆறாம் இரவு. 11.40.

2.100.

எண் நின்றது. கல் மாதிரி நின்றது. ஆப் படம் எடுத்தது. பச்சை டிக் விழுந்தது. 'காலை 7.00 மணிக்கு ஆள் வருவார்.' நான் அந்தக் கூடத்தில் சத்தமில்லாமல் ஒரு குதி குதித்தேன். ஒழிந்தது சனியன் என்றுகூடச் சொன்னேன். அதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

நாற்காலியை இறக்கிச் சுவரோரம் வைத்தேன். அணைப்பதற்காக மெஷின் பக்கம் திரும்பினேன்.

மெஷின் மேல் எதுவும் இல்லை.

12.600.

ஆடியது. 12.580... 12.620... 12.600...

நின்றுகொண்டிருக்கிறது.

எனக்கு முன்னால். ஒரு கை தூரத்தில்.

மூடியில் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது. பிறகு மெஷினைக் கவிழ்த்துப் பேட்டரியைப் பிடுங்கினேன். ஓடினேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

வால் தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கை கட்டிலுக்கு வெளியே நீண்டிருந்தது. விரல்கள் மடங்கி, எதையோ பிடித்த மாதிரி.

தொட்டேன்.

அந்த ஒரு கை மட்டும் ஐஸ்.

காலை 6.20-க்குப் போன் வந்தது. ஒரு பெண்.

"அண்ணா... மஞ்சள் நாற்காலி ஒண்ணு உங்ககிட்ட இருக்காமே? என் தம்பி குடுத்துட்டானாம். வித்துட்டீங்களா?"

"வித்தாச்சும்மா. ஏழு மணிக்கு எடுக்க வராங்க."

எங்கள் முகவரியைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நான் வரேன். ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்."

6.50-க்கு வந்தாள். மெலிந்த பெண், முப்பது வயதிருக்கும், தோளில் துணிப்பை. நாற்காலியின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தாள். நான் படத்தில் மறைத்த இடத்தை நேராகத் தொட்டாள். அந்தப் பல் தடத்தை.

"என் பொண்ணோடது. ஆறு வயசு. போயி எட்டு மாசமாச்சு. என்னால அந்த வீட்டுல இருக்க முடியல, அம்மாகிட்ட போயிட்டேன். தம்பி நல்லதுன்னு நெனச்சுத்தான் காலி பண்ணான்."

மணி 7.00. மீசைக்காரர் வந்துவிட்டார், பார்சல் எடுக்கிறவர்.

"எடுக்கட்டுமா சார்?"

"ஒரு நிமிஷம்."

"இன்னும் முப்பது வீடு இருக்கு எனக்கு. உண்டு இல்லேன்னு சொல்லிடுங்க."

அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு நியாயம் பேசி மறுத்திருப்பேன். கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"இல்லீங்க" என்றேன்.

ரத்து செய்தேன். ஆப் உடனே பதில் சொன்னது. அவசரத்துக்கு இருபத்திரண்டு நிமிஷம் காக்க வைத்த அதே ஆப். 'ரத்து செய்ததால் மூன்றாவது கரும்புள்ளி. உங்கள் கணக்கு மூடப்பட்டது. எங்களுடன் இணைந்திருந்ததற்கு நன்றி.' ஐந்து மாதம் போயிற்று.

நாற்காலியைத் தூக்கிக்கொடுக்கப் போனபோது அவள் கீழே கிடந்த பெட்டி மூடியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது யாரு எழுதினது?"

"நான்தான். மெஷின் கெட்டுப்போச்சு, அதனால..."

துணிப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. கடைசிப் பக்கத்தைத் திறந்து மூடியின் பக்கத்தில் வைத்தாள்.

11.40 - 15.500
11.40 - 15.300
11.40 - 15.200
11.40 - 14.900
11.40 - 14.700

அதற்குக் கீழே பக்கம் வெறுமை.

"ராத்திரி கடைசி மருந்து அப்பத்தான். எடையப் பாத்துத்தான் அளவு போடணும். மெஷின்ல நிக்கப் பயப்படுவா. தரை ஆடுதுன்னு அழுவா. அதனால நாற்காலியோட தூக்கி வெச்சிடுவேன். அப்புறம் ரெண்டு கிலோ நூறைக் கழிச்சுப்பேன்."

என் மூடியின் ஆறாவது வரிக்கு அவள் விரல் போயிற்று. 'நாற்காலி 2.100. நாற்காலி இல்லாமல் 12.600.'

பதினான்கு கிலோ எழுநூறிலிருந்து இரண்டு கிலோ நூறைக் கழிக்க எனக்கே தெரியும்.

"தனியா ஏறி நின்னாளா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"நீயே தனியா ஏறி நின்னுட்டா அதோட மருந்து கிடையாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். தினமும் 'நாளைக்கும்மா, நாளைக்கும்மா'ம்பா." நோட்டை மூடினாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். "எறங்கிட்டாளா அண்ணா? அவளுக்குத் தானா எறங்கத் தெரியாது."

"எறங்கிட்டாம்மா" என்றேன்.

பொய். நான் பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன். எனக்கு எப்படித் தெரியும்?

7.40-க்கு மனைவி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். திட்டவில்லை. "உன்ன வெச்சிக்கிட்டு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் என் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். அவள் இன்னும் இரவுப் பணிதான். நான் வேறு ஓர் ஆப்பில் முதல் மாதத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். அந்த எடை மெஷினை மட்டும் விற்பனைக்குப் போடவில்லை.

அன்று வால் எழுந்து வந்தபோது மணி எட்டு. துப்பட்டாவை இழுத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். சுவரோரம் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள்.

"அந்த அக்கா போயிட்டாளா?"

"எந்த அக்கா?"

"நேத்து எறங்க பயமா இருக்குன்னு அழுதாளே, அந்த அக்கா."

வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"நான்தாம்ப்பா கையப் புடிச்சு எறக்கி விட்டேன்."