ஜன்னலில் இல்லாத ஏரி

இல்லாத ஏரியைக் காட்டி ஆட்களை வரவழைத்தவன் நான். கொடைக்கானலில் எங்கள் வீட்டு மாடியை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறேன்.

வெப்சைட் செய்ய வந்த ஜெசிந்தா, எங்கள் அறைகளையே படமெடுத்துப் புதிதாக வடிவமைப்பதாகச் சொன்னாள். "சீசன் வருது, வெரசா முடிம்மா" என்று ரெடிமேட் டெம்ப்ளேட்டையே போடச் சொன்னேன். அதோடு வந்த மாதிரிப் படத்தில், ஜன்னலுக்கு வெளியே ஏரி.

"அங்கிள், இதை மாத்தணும். நம்ம ஜன்னல்ல தண்ணி டேங்க்தான தெரியும்?"

"அழகா இருக்கு, இருக்கட்டும்" என்றேன்.

மே மாதம் மதுரையிலிருந்து வயதான தம்பதி வந்தார்கள். கல்யாணமான புதிதில் ஏரி தெரியும் அறையில் தங்கியவர்கள். கணவருக்கு இப்போது நடக்க முடியாது. படுத்தபடியே ஏரியைப் பார்க்க ஆசை. அந்த அம்மா திரையை விலக்கிவிட்டு, "ஏரி எங்கங்க?" என்றார்.

"விடு, டேங்க்லயும் தண்ணிதான கெடக்கு" என்று கணவர் சிரித்தார். நான் கூனிக் குறுகிப் போனேன்.

சீசனில் ஏரி தெரியும் அறை வேறெங்கும் கிடைக்கவில்லை. என் காரிலேயே அவர்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். மூடுபனி விலகவே இல்லை. "துடுப்புச் சத்தம் கேக்குதுங்க, அது போதும்" என்றார் கணவர், கண்களை மூடிக்கொண்டு.

பிறகு ஜெசிந்தாவைக் கெஞ்சி, எங்கள் அறைகளின் படங்களோடு புதிதாகச் செய்ய வைத்தேன். ஏரி தெரியாது என்று முதலிலேயே எழுதியிருக்கிறோம். இந்த வருடம் ஏரியைப் பார்த்த அறை ஒன்றை என் செலவில் பிடித்துவிட்டு, அவர்களுக்குப் போன் செய்தேன்.

"அவரால இனிமே மலை ஏற முடியாதுங்க" என்றார் அந்த அம்மா.