முன்னால் பறப்பவரின் கண்

க்வெண்டா தர்லோ எதையும் லேசில் நம்ப மாட்டாள். இங்கிலாந்தில், நார்ஃபோக்கின் புல்தரை விமானத்தளத்தில் முப்பது வருடமாகப் பழைய போர் விமானங்களுக்கு மெக்கானிக். தானே முடுக்கிய திருகைத் தானே மறுபடி தொட்டுப் பார்ப்பாள். கல்யாணத்தன்று பாதிரியாரிடமே, "உங்க பேனாவுல மை இருக்கா?" என்று கேட்டவள். ஊரே கிண்டல் செய்தது. ஆனால் அவள் கைபட்ட விமானத்தில் ஏற யாரும் தயங்கியதில்லை.

அந்தக் கோடையில் அவளுடைய சந்தேகம் ஆம்ப்ரோஸ் மேல் விழுந்தது. நான்கு ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் ஒட்டியபடி கரணமடிக்கும் குழுவுக்கு அவர்தான் தலைவர். வயது எழுபத்தொன்று. இரண்டாவது விமானத்தை ஓட்டுபவன் க்வெண்டாவின் கணவன் கிளைவ். பக்கத்தில் பறப்பவன் தலைவரின் இறக்கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். தரையைப் பார்க்கக் கூடாது, தன் மீட்டரைக்கூடப் பார்க்கக் கூடாது. கண்ணை எடுத்தால் மோதல்தான். ஆக, தலைவர் உயரத்தைத் தப்பாகப் படித்தால் நாலு பேரும் வரிசை கலையாமல் மண்ணில் போய்க் குத்துவார்கள்.

ஏப்ரலில் மருத்துவச் சோதனையில் தேறியவர்தான். ஆனால் ஜூன் முதல் வானிலைக் காகிதத்தை அவர் தானாகப் படிப்பதில்லை. "கண்ணாடிய வண்டியிலயே வச்சிட்டேன், நீ வாசியேன் கிளைவ்" என்பார். ஒரு நாள் என்றால் சரி. ஆறு வாரமாகவா?

"அந்த மனுசனுக்குக் கண்ணு தெரியல" என்றாள் க்வெண்டா, காலைச் சாப்பாட்டின்போது.

"போன மாசம் பால்காரன், இந்த மாசம் இவரா?" கிளைவ் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதிலேயே குறியாக இருந்தான்.

"பால்காரன் விஷயத்துல நான் சொன்னது சரியாப் போச்சா இல்லையா?"

"அம்மா தாயே, ஆள விடு."

அவன் அவ்வளவு சீக்கிரம் பேச்சை முடித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை விமான சாகசக் கண்காட்சி. ஆம்ப்ரோஸ் வருவதற்கு முன் அவருடைய விமானத்தில் ஏறி, உயரமானியின் குமிழைத் திருப்பி வைத்தாள். தரையில் பூஜ்யம் காட்ட வேண்டிய ஊசி நானூறு அடி காட்டியது. கிளம்புமுன் அதைப் பார்த்துச் சரிசெய்வது விமானியின் வேலை. மெக்கானிக் செய்யவே கூடாத காரியம் இது.

ஆம்ப்ரோஸ் ஏறி உட்கார்ந்து பட்டைகளை மாட்டினார். அவள் இறக்கைமேல் நின்று குனிந்தாள்.

"உயரமானி பாத்தாச்சா?"

"பூஜ்யம். கச்சிதம்" என்று கட்டைவிரலை உயர்த்தினார்.

"நானூறு காட்டுது, ஆம்ப்ரோஸ். நான்தான் திருப்பி வச்சேன். இறங்குங்க."

அவர் முகம் தொங்கிவிட்டது. அதைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

"மேல போனா நான் மீட்டரப் பாக்கறதே இல்ல, க்வெண்டா" என்றார் மெதுவாக. "கிளைவ்தான் அவன் மீட்டரப் பாத்துட்டு, உயரம் போதும்னா ரேடியோ பட்டன ரெண்டு தட்டு தட்டுவான். அப்புறம்தான் நான் கீழ திருப்புவேன்."

கரணத்தின் உச்சியில், தலைகீழாக, எட்டடி தூரத்தில் இன்னொரு இறக்கை இருக்கும்போது கிளைவ் கண்ணை எடுத்திருக்கிறான். அதுவும் ஒவ்வொரு கரணத்துக்கும்.

நேராகக் கிளைவின் விமானத்துக்குப் போனாள். அவன் ஏற்கெனவே தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டிருந்தான்.

"பறக்கறத நிறுத்தினா அந்த மனுசன் செத்தே போயிடுவாரு, க்வெண்டா."

"நீ செத்திருந்தா?" என்றாள். "எந்தத் திருக நான் சரியா முடுக்கலன்னு சாகற வரைக்கும் தேடிக்கிட்டே இருந்திருப்பேனேடா, பாவி."